வழியில் இருக்கிறவன்

வீடியோ எடுக்கிற பசங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. தட்டை வாங்குவான், சாப்பிட மாட்டான். போனை அதன் மூஞ்சிக்கு நேராக நீட்டிக்கொண்டு "வேற லெவல்" என்பான். ராயபுரத்தில் நான் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் கை ருசியை நாக்கு சொன்னால் போதாதா? அதனால் கேமராவோடு வருகிறவனை எல்லாம் நான் துரத்திவிடுவேன். நான் கடையில் இல்லாத ஒரு சாயங்காலம் ஒருவன் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

அதற்கு முன்னால் தங்கப்பாண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கெங்கம்மா. அம்மா பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவள். நான் வியாசர்பாடியில் பிறந்தவள். பர்மாவை நான் கண்ணால் கண்டதில்லை. அம்மாவின் தங்கை மட்டும் வரமாட்டேன் என்று தட்டோன் பக்கத்தில் நெல் வயலோடு தங்கிவிட்டாள். அவள் மகள் ராஜாத்தி எனக்குத் தங்கை முறை. போனில்தான் பழக்கம். புருஷன் செத்துப்போய் இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவன் தங்கப்பாண்டி, இளையவன் அருள்.

போன வருஷம் ஒருநாள் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். ஒரு பையன் எதிர்ப்பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான், காலில் ஒன்றுக்கொன்று ஜோடி சேராத செருப்பு.

"இன்னாடா வோணும்?" என்று கேட்டேன்.

"பெரியம்மா, நான் ராஜாத்தி மகன்" என்றான்.

அவன் பேசிய தமிழ் எங்கள் தாத்தா காலத்துத் தமிழ். சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் கொண்டுபோன தமிழை அங்கே அப்படியே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்து டீக்கடை சௌக்கத் அலி பாய் அதைக் கேட்டுவிட்டு, "இன்னா கெங்கா, கல்வெட்டுலேர்ந்து எறங்கி வந்த மாதிரி பேசுறான்" என்று கிண்டல் செய்தார். பையன் சிரிக்கவில்லை. அவன் கண் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது. ரோந்து ஜீப் ஒன்று போனதும் அடுப்புக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டான்.

அவன் பட்டாளத்திலிருந்து ஓடிவந்தவன் என்று ராத்திரி சோறு போட்டபோதுதான் சொன்னான்.

அங்கே புதுச் சட்டம் வந்ததாம். வயசுப் பையன்கள் பட்டாளத்துக்கு வந்தாக வேண்டும். தங்கப்பாண்டியை நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது வயலிலிருந்தே கூட்டிக்கொண்டு போனார்கள். சேற்றுக் காலோடு லாரியில் ஏற்றினார்கள்.

"ஊருல எங்களைக் 'கலா'ன்னுதான் கூப்பிடுவாங்க பெரியம்மா. அந்நியன்னு வச்சுக்கங்க. மூணு தலைமுறையா அங்கேதான் இருக்கோம், அப்பவும் அதே பேரு. பட்டாளத்துல உடுப்புக் குடுத்தும் அதே பேருதான். அந்த உடுப்போட கரேன்காரங்க மலைக்குப் போனா, அவங்களுக்கு நான் பர்மாக்காரன். இங்க வந்தா இங்கயும் பர்மாக்காரன்" என்றான்.

"எனுக்கு நீ ராஜாத்தி புள்ள. துன்னு" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவனுக்குப் பட்டாளத்தில் கொடுத்த வேலை நெல் கொளுத்துவது. மலைச்சனங்களான கரேன்களின் ஊர்களிலிருந்து, பட்டாளத்தை எதிர்த்துக் காட்டுக்குள் இருக்கும் போராளிகளுக்கு அரிசி போகிறதாம். அரிசி இல்லையென்றால் போராட்டம் இல்லை என்று கணக்கு. விவசாயி மகன் என்பதால் எந்தக் களஞ்சியத்தில் எவ்வளவு நெல் இருக்கும் என்று இவனுக்குத் தெரியும் என, இவனையே முன்னால் அனுப்பினார்கள்.

"நெல்லு சீக்கிரம் எரியாது பெரியம்மா. உள்ளுக்குள்ளேயே கனியும். ஊரே பொரி வாசனை அடிச்சுது. கோயில்ல பொரி வாங்கித் தின்ன ஞாபகம் வந்து வாயில எச்சில் ஊறுச்சு. அன்னைக்கு என்னை நானே அடிச்சுக்கிட்டேன்."

அதற்கடுத்த ஊரில் கொளுத்தியதோடு நிறுத்தவில்லை. களஞ்சியத்தைச் சுற்றிக் கண்ணிவெடி புதைக்கச் சொன்னார்கள். பாதி எரிந்த நெல்லைப் பொறுக்கச் சனங்கள் திரும்பி வருவார்கள் அல்லவா, அவர்களுக்காக. புதைத்ததும் இவன்தான். மறுநாள் காலையில் மேட்டில் இவனைக் காவலுக்கு வைத்தார்கள். ஒரு பெண் முறத்தோடு வந்தாளாம். கத்தினால் மறைவிடம் தெரிந்துவிடும், சுற்றியிருக்கிற போராளிகள் சுடுவார்கள், கூட இருக்கிற பையன்கள் சாவார்கள். அவர்களும் இவனைப்போல வயலிலிருந்து பிடித்துவந்த பிள்ளைகள்தான். கத்தாவிட்டால் அவள் சாவாள்.

"நீ இன்னா பண்ண?" என்றேன்.

"கத்துனேன். வராதே, நில்லுன்னு எனக்குத் தெரிஞ்ச பர்மாப் பேச்சுல கத்துனேன். பட்டாளத்தான் கத்துனா யாரு நிப்பாங்க பெரியம்மா? ஓடுனா."

"எந்தப் பக்கம் ஓடுனா?"

தட்டில் இருந்த சோற்றை வெகுநேரம் பிசைந்துகொண்டிருந்தான். அன்றைக்கே துப்பாக்கியோடு ஓடி, அதைச் சல்வீன் ஆற்றில் வீசிவிட்டு, எங்கெங்கோ சுற்றி, மணிப்பூரில் மோரே எல்லையில் இருக்கிற தமிழ்க்காரர்கள் சோறு போட்டு அனுப்பி, ரயில் ரயிலாக மாறி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

கடையில் வேலைக்கு வைத்துக்கொண்டேன். எங்கள் அத்தோவைப் பார்த்து முதல்நாள் முழித்தான். ஆரஞ்சு நூடுல்ஸில் முட்டைக்கோசு, வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், நொறுக்கின பேஜோத் தட்டை எல்லாம் போட்டுப் பிசைவதை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க ஊருல கிடையாதே" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ இத்தினி வருசமா நான் இன்னா ஜப்பான் சோறா வித்துக்கினு இருந்தேன்?" என்று கரண்டியை ஓங்கினேன். ஆனால் பிசைகிற கை அவனுக்கு என்னைவிட நன்றாக வந்தது. கூட்டம் கூடியது.

கூட்டம் கூடிய அளவுக்கு அவன் தனியாகிப் போனான். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேசுகிறவர்கள் எல்லாரும் வேகமாகப் பேசிவிட்டுப் போனார்கள். இவன் தமிழைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். எனக்குப் பர்மாப் பேச்சில் தெரிந்தது சாப்பாட்டுப் பெயர்கள் மட்டும். தட்டுக் கழுவும்போது அவன் தனக்குத்தானே அந்தப் பாஷையில் பேசிக்கொள்வான். கேள்வியும் அவனே, பதிலும் அவனே. தூங்கும்போது படுக்க மாட்டான், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவான். "ஏன்டா இப்டி?" என்றால், "பழகிருச்சு" என்பான்.

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். நான் வாழைத்தண்டு வாங்கத் தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். ஜோபின் என்று ஒருவன், சாப்பாட்டுக் கடைகளை வீடியோ போடுகிறவன், கடைக்கு வந்திருக்கிறான். சௌக்கத் பாய்க்கு ஒரே குஷி. "இவன் ஒரிஜினல் பர்மாப் பையன்" என்று தங்கப்பாண்டியை இழுத்து முன்னால் விட்டிருக்கிறார். "ப்ரோ, பர்மா பாஷையில ஏதாவது சொல்லுங்க ப்ரோ" என்று ஜோபின் கேட்டிருக்கிறான்.

இங்கே வந்ததிலிருந்து அவனை அந்தப் பாஷையில் பேசச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கேட்டதும் பையன் உருகிவிட்டான். கேமராவைப் பார்த்து, "அம்மா, நான் நல்லா இருக்கேன். சாப்பிட்டியா? தம்பியைப் பாத்துக்க" என்று அந்தப் பாஷையில் சொல்லிச் சிரித்தான். அவன் பல்லையே நான் முதன்முதலில் அந்த வீடியோவில்தான் பார்த்தேன்.

பார்த்த கையோடு டீக்கடைக்கு ஓடினேன். சௌக்கத் பாயைப் பிடித்து, "இன்னா பாய், புத்தி கீதா உனுக்கு? ஓடி வந்தவன இஸ்துக்கினு போயி ஊருக்கே காட்டிட்டியே!" என்று கத்தினேன். ஜோபினுக்குப் போன் போட்டு அவன் பரம்பரையையே திட்டி, வீடியோவை எடுக்கவைத்தேன். எடுத்து என்ன பிரயோஜனம்? அதற்குள் பர்மாவில் இருக்கிற தமிழ்க்காரர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் அனுப்பி, நம்ம தட்டோன் பையன் மெட்ராஸில் இருக்கிறான் என்று கொண்டாடிவிட்டார்கள். ராஜாத்தியும் பார்த்து அழுதிருக்கிறாள். அவளுடைய வார்டுத் தலைவனும் பார்த்து, பட்டாளத்துக்குச் சொல்லியிருக்கிறான்.

அந்த வாரமே ராஜாத்தி பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டாள். அருளைக் கொண்டுபோய்விட்டார்கள். பதினேழு வயதுப் பிள்ளை. மூத்தவன் நேரில் வந்து நின்றால் இளையவனை விட்டுவிடுகிறோம் என்று பட்டாளத்துக் கேப்டன் சொன்னானாம். அதைச் சொல்லிவிட்டு, வா என்றும் சொல்லாமல், வராதே என்றும் சொல்லாமல் அவள் போனை வைத்துவிட்டாள். பெற்றவள் எதைச் சொல்வாள் பாவம்?

தங்கப்பாண்டி பையை எடுத்துத் துணியை மடித்து வைக்க ஆரம்பித்தான். நான் பையைப் பிடுங்கி மூலையில் வீசினேன்.

"நீ போனா அவன வுட்டுருவானா? ரெண்டு பேரையும் வச்சிக்குவான்டா!"

"விட்டாலும் விடலாமே பெரியம்மா."

"வுடலைன்னா? உன்ன சுட்டுப்புட்டான்னா?"

"சுட மாட்டான். ஆள் பத்தலை அவனுக்கு. திரும்பவும் கொளுத்தத்தான் விடுவான்." தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "நான் போகலைன்னா அருளு கொளுத்துவான். வெடி வைப்பான். யாரோ ஒருத்தன் செய்யத்தான் போறான். ஏற்கெனவே செஞ்ச கை போகட்டுமே. அவன் கை சுத்தமா இருக்கு."

"அங்க போயி இன்னொரு ஊர கொளுத்துவியா நீ? இன்னொரு பொம்பள முறத்தோட வந்தா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அதை நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன். எனக்கு அவன் போகக் கூடாது, அவ்வளவுதான். அதற்காக எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன்.

"அதுக்கும் பதில் தெரியலை" என்றான். போய்ப் பையை எடுத்துவந்து, விட்ட இடத்திலிருந்து மடித்தான். அந்த வாரக் கடைசியில் கிளம்புவதாக முடிவாயிற்று. சௌக்கத் பாய் அவனுக்கு ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கிவந்து, கையில் கொடுக்கக் கூச்சப்பட்டு, கடை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

கிளம்புவதற்கு முன்நாள் மத்தியானம் வீடியோ அழைப்பு வந்தது. ராஜாத்தியின் போன்தான், அவளிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தார்கள் போல. ஆனால் திரையில் வந்தது வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஓர் ஆள். கேப்டன். பின்னால் ராஜாத்தி பாயில் உட்கார்ந்திருந்தாள். கதவோரம் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். அவனைப் பார்த்ததும் தங்கப்பாண்டி, "தட்டோன் பஜார்ல பாத்திருக்கேன், பர்மாக்காரன் இல்ல, மோன்காரப் பையன்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தான். நான் போன் முகத்தில் விழாமல் அவன் பின்னால் நின்றேன்.

கேப்டன் என்னவோ பேசினான். இவன் குனிந்து பதில் சொன்னான். பிறகு கேப்டன் போனை ராஜாத்தியிடம் திருப்பி விரலை ஆட்டினான். பர்மாப் பேச்சில் மட்டும் பேசு என்கிறான் என்று எனக்கே புரிந்தது. அவள் சொல்லிக்கொடுத்த பாடம் மாதிரி இரண்டு மூன்று வார்த்தை பேசினாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். மாரில் அடித்துக்கொண்டு, உடம்பை ஆட்டி, இழுத்து இழுத்து அழுதாள். கேப்டன் முகத்தைச் சுளித்து அந்தப் பக்கம் திரும்பிச் சிகரெட் பற்றவைத்தான். பிள்ளையைப் பிரிந்த பொம்பளை அழுகிறாள் என்று விட்டுவிட்டான்.

அவள் அழவில்லை. ஒப்பாரி வைத்தாள்.

"மாருல சாஞ்ச மூத்தவனே, என் மகராசா...
தாய்க்கு முன்னே தம்பி போனான், தண்ணி ஊத்த ஆளுமில்ல...
வாய்க்கரிசி எடுத்து வந்தேன், வாங்கிக்க உடம்புமில்ல...
வாரேன்னு சொல்லு ராசா, வந்து மட்டும் நிக்காதே...
ஆத்தா நான் ஆறு தாண்டும் மட்டும், வழியில இருக்கேன்னு சொல்லு ராசா..."

வியாசர்பாடியில் எத்தனை சாவுக்கு நான் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். பிரிவுக்கு அழுகிற ராகம் வேறு, சாவுக்கு அழுகிற ராகம் வேறு. அருள் செத்துவிட்டான். செத்தவனைக் காட்டி உயிரோடு இருக்கிறவனைக் கூப்பிடுகிறார்கள். பெற்றவள் அந்தக் கொலைகாரன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவனுக்குத் தெரியாத பாஷையில் மகனுக்குச் சாவு சொல்கிறாள்.

தங்கப்பாண்டியின் முதுகு விறைத்தது. சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். "அயாதடா. அயாத. மூஞ்ச மாத்தாத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அந்தக் கதவோரச் சிப்பாயைப் பார்த்தேன். தமிழ்க் கடைகளுக்கு நடுவே பஜாரில் வளர்ந்த பையனுக்குத் தமிழ் தெரியாமலா இருக்கும்? அவனுக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து ராஜாத்தியைப் பார்த்தான், கேப்டனைப் பார்த்தான், அப்புறம் தன் காலைப் பார்த்தபடி நின்றுவிட்டான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே அவள் கதை முடிந்திருக்கும்.

கேப்டன் மறுபடி திரைக்கு வந்தான். தங்கப்பாண்டி பர்மாப் பேச்சில் அமைதியாகப் பதில் சொன்னான். "நாளைக்குக் கிளம்புறேன்னு சொல்லிட்டேன்" என்றான் பிறகு.

போன் அணைந்ததும் அவனைக் கட்டிக்கொண்டேன். கட்டை மாதிரி நின்றான்.

"அயுதுடுடா."

"வேணாம் பெரியம்மா. மூஞ்சி வீங்கிரும். அவன் எப்ப வேணா கூப்பிடுவான். பாத்தான்னா தெரிஞ்சுக்குவான், அம்மாவை விட மாட்டான்."

போய்த் தட்டுக் கழுவினான். அன்றைக்கு அவன் தனக்குத்தானே பேசிக்கொள்ளவும் இல்லை. நான்தான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, பார்த்தேயிராத அந்தப் பிள்ளைக்காக அழுதேன்.

மறுநாள் ஜோபினை வரச்சொன்னேன். திட்டுவாங்கத் தயாராகத் தலைகுனிந்து வந்தான்.

"நீதானே வீடியோ எட்த்த? இப்போ இன்னும் எடுக்கப்போற. இவன் ஊருக்குப் போறான். ஆனா போவ மாட்டான். புரியுதா?"

புரியவில்லை. வழியில் வந்துகொண்டிருக்கிற மாதிரி கேப்டனுக்குக் காட்ட வேண்டும் என்று சொன்னதும் புரிந்தது. பையன் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து அவன் தன் வேலையை விட்டுவிட்டு எங்களோடு அலைந்தான்.

பேசின் பிரிட்ஜ் பக்கம் கூட்ஸ் வண்டிகள் நிற்கிற இடத்தில், தோளில் பையோடு தங்கப்பாண்டியை நிற்கவைத்தோம். கேப்டன் கூப்பிட்டபோது, "கல்கத்தா வந்திருக்கேன், அடுத்த வண்டிக்கு நிக்கிறேன்" என்றான். பின்னால் ஒரு என்ஜின் நல்லவேளையாகக் கூவியது. அடுத்த தடவை காட்டுப்பள்ளி போகிற வழியில் சவுக்குத் தோப்புக்குள் உட்காரவைத்தோம். கேப்டனுக்கு அது அசாம் காடு. சௌக்கத் பாய் ஆட்டோவில் உட்கார்ந்து, யாரும் ஹாரன் அடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வராதபடி வழிமறித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

இரண்டு அழைப்புக்கு நடுவே நாளெல்லாம் காத்திருப்புதான். போன் அடித்தால் கையில் பிசைந்த நூடுல்ஸோடு அப்படியே ஆட்டோவுக்கு ஓடுவான். வழியில் இருக்கிறவனாகவே ஆகிவிட்டான். கடையில் நிற்பான், ஆனால் கடையில் இருக்க மாட்டான். "சாப்ட்டியா?" என்றால், "இன்னும் எல்லை வரலை" என்பான். பயந்துபோய் அவன் தலையில் தட்டி, "ராயபுரத்துல கீறடா, கெங்கம்மா வூட்ல கீற" என்று நினைவுபடுத்துவேன்.

எல்லை மலைக்கு எங்கே போவது? மெட்ராஸில் மலை இருக்கிறதா? ஜோபின்தான் கொடுங்கையூரைச் சொன்னான். ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிக் கொட்டி அங்கே உயர்ந்து நிற்கிறதே, அதை ரோட்டிலிருந்து பார்த்தால் மலைதான். மேலே புகை வேறு. நாற்றம் போனில் போகாது. அதன் முன்னால் நின்று தங்கப்பாண்டி பேசினான். அந்தப் புகை என்ன என்று கேப்டன் கேட்டானாம். "இங்க சண்டை நடக்குது, பாதையை மூடியிருக்காங்க, திறக்கிறதுக்குக் காத்திருக்கேன்" என்று சொல்லியிருக்கிறான். அந்த எல்லையில் நிஜமாகவே சண்டை நடந்துகொண்டிருந்ததால் கேப்டன் நம்பினான்.

ஆனால் பொறுமை போய்க்கொண்டிருந்தது. சித்திரையில் பர்மாப் புதுவருஷத்துத் தண்ணீர்த் திருவிழா வருகிறது, அது முடியும் வரைதான் பார்ப்பேன், அதற்குள் வரவில்லை என்றால் உன் ஆத்தாளைப் படைக்குச் சுமை தூக்கக் கூட்டிப்போவேன் என்றான். சுமை தூக்குகிறவர்களை எங்கே நடக்கவைப்பார்கள் என்று தங்கப்பாண்டிக்குத் தெரியும். கண்ணிவெடி இருக்கிற பாதையில் சிப்பாய்களுக்கு முன்னால் நடக்கவைப்பார்கள். அவனே அப்படிப் பின்னால் நடந்தவன்.

"அம்மா ஏன் இன்னும் கிளம்பலை?" என்று முதல் தடவையாக என்னிடம் கத்தினான். "நான் எத்தனை நாளு வழியிலேயே நிப்பேன்? கிளம்பச் சொல்லுங்க பெரியம்மா!"

நான் யாரிடம் சொல்வது? அங்காளம்மாவிடம் சொன்னேன். மரியாதையாகச் சொல்லவில்லை. பர்மாவிலும் உனக்குக் கோயில் இருக்கிறதே, அங்கே என்ன கிழித்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

தண்ணீர்த் திருவிழா வந்தது. அங்கே ஊரே தெருவில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருக்குமாம். அந்த நாட்களில் போனே வரவில்லை. தங்கப்பாண்டி நூடுல்ஸுக்குப் பதிலாகத் தண்ணீரைப் பிசைந்துகொண்டிருந்தான், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். திருவிழா முடிந்த மறுநாள் காலையில் கேப்டன் கூப்பிட்டான். மலையும் இல்லை, தோப்பும் இல்லை, கடைப் பலகையின் முன்னால் நின்றுகொண்டே தங்கப்பாண்டி எடுத்துவிட்டான்.

கேப்டன் கத்தியது தெருவுக்கே கேட்டது. தங்கப்பாண்டி முழுக்கக் கேட்டுவிட்டு, போனை அணைத்தான்.

"'உன் ஆத்தா எங்கே'ன்னு என்னைக் கேக்குறான் பெரியம்மா."

சௌக்கத் பாய் பாய்லரை விட்டுவிட்டு ஓடிவந்தார். "அப்டின்னா போய்ட்டாங்கடா! மாஷா அல்லா! அயுடா, சிரிடா, எதுனா ஒண்ணு பண்ணுடா!"

"இன்னும் ஆறு தாண்டலை" என்றான் தங்கப்பாண்டி. வெங்காயம் வறுக்கப் போய்விட்டான்.

தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவே ஓர் ஆறு. அதுவரை மலை, காடு, இரண்டு பக்கத்துப் படையும். ஐம்பதைத் தொடுகிறவள் தனியாக நடக்கிறாள். எந்தப் பாதையில் எவன் என்ன புதைத்து வைத்திருக்கிறானோ. இதைத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியும். அவன் கை புதைத்தது எங்கோ இன்னும் இருக்கிறது, அவன் அம்மா அந்தப் பக்கமாக நடக்கிறாள். இதற்கு ஆறுதல் சொல்ல ஒரு வார்த்தை இந்த உலகத்தில் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்த நேரம், போன் அடித்தது. பார்க்காத நம்பர். தங்கப்பாண்டியின் கை இரண்டும் எண்ணெயும் புளியுமாக இருந்ததால் நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். முகம் இல்லை, குரல் மட்டும் வந்தது.

"ராசா... ஆறு தாண்டிட்டேன்டா."

அவன் கையைச் சட்டியிலிருந்து எடுக்காமல் நின்றான்.

ராஜாத்திக்கு மூச்சு வாங்கியது. திருவிழா அன்று காவலுக்கு இருந்தது அந்த மோன்காரச் சிப்பாய்தானாம். அருள் தப்பி ஓடப் பார்த்துக் குண்டடிபட்டுச் செத்ததை அவன்தான் முதலில் அவளிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறான். திருவிழா அன்றைக்கு அவளைப் பார்த்து, "அக்கா, நான் வெத்தலை வாங்கப் போறேன், வர நேரமாகும்" என்று தமிழில் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனானாம். கரேன்காரக் குடும்பம் ஒன்று அவளைத் தங்களோடு நடத்திக் கூட்டிவந்திருக்கிறது. வழியெல்லாம் அவர்கள் அரிசியைத்தான் தின்றாளாம்.

அதைக் கேட்டதும் தங்கப்பாண்டி கண்ணை மூடிக்கொண்டான்.

"அந்தப் பையன் என்ன ஆனான்?" என்று கேட்டான்.

"தெரியலையே ராசா."

"தம்பியை எங்கேம்மா போட்டாங்க?"

"தெரியலை. உடம்பைக் குடுக்கலை." பிறகு அவளே கேட்டாள். "நீ அவனுக்கு அழுதியாடா?"

"இல்லம்மா."

"ஏன்டா?"

"கேப்டன் பாப்பான்னு."

அந்தப் பக்கம் அவள் விம்மினாள். இங்கே தட்டோடு நின்றவர்கள் எல்லாம் தின்பதை நிறுத்திவிட்டார்கள். சௌக்கத் பாய் போய் என் அடுப்பை அணைத்தார்.

"இப்ப யாரும் பாக்கலை சாமி" என்றாள் ராஜாத்தி. "எனக்கும் இனி பயமில்லை. தம்பிக்கு அழு."

தங்கப்பாண்டி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அனுமதி கேட்கிற மாதிரி பார்த்தான். தலையை ஆட்டினேன். அவன் கையைக்கூடத் துடைக்காமல் நடைபாதையில் உட்கார்ந்தான். "அருளு" என்று ஒரு தடவை கூப்பிட்டான், வயலில் அந்தக் கோடியில் நிற்கிறவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. பதில் வருமா என்று காத்திருந்தான். அப்புறம் அவன் அழுதது தெருமுனை வரைக்கும் கேட்டது.